நூர்ஜான் லாத்தாவின் மங்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் அச்சின் தெருவைச் சுற்றியிருந்த பெண்களின் முகமெல்லாம் நூர்ஜானுக்கு அத்துப்படி. யாருக்கு எந்தக் கன்னத்தில் மச்சம், யாருக்கு நெற்றியில் அம்மைத் தழும்பு, யாருக்கு மூக்கோரம் எண்ணெய் வழியும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் நூர்ஜானின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பதில் தெரிந்திருக்காது. அவர்கள் பார்த்ததெல்லாம் அவள் முகத்தின்மேல் அப்பியிருந்த வெள்ளை மாவைத்தான்.

அவள் தொழில் அப்படி. கல்யாணப் பெண்ணைச் சிங்காரிப்பவளை அந்த ஊரில் மாக் அண்டாம் என்பார்கள். மலாய்க்காரர் வீட்டு வழக்கம் அது. அவர்களிடம் பெண் எடுத்து, பெண் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் அதையும் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் பெண்ணை மறைவான அறையில் உட்காரவைத்து, நெற்றியோரத்துப் பூனைமயிரைச் சின்னக் கத்தியால் ஒதுக்கி, புருவம் திருத்தி, எலுமிச்சை பிழிந்த நீரில் குளிப்பாட்டி, முகத்துக்குப் பெடாக் பூசிவிடுவாள் மாக் அண்டாம். பெடாக் என்பது அரிசிமாவு. வாரக்கணக்கில் ஊறி, புளித்து, நாறி, தினமும் நீர் மாற்றி, கடைசியில் பாலாய் அரைபட்டு, தாழைச் செடி வாசத்தோடு பொட்டுப் பொட்டாகத் தட்டில் விழுந்து வெயிலில் காயும். தண்ணீரில் ஒரு பொட்டைக் குழைத்துப் பூசினால் முகம் குளுகுளுவென்றிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்த வட்டாரத்தில் நூர்ஜானின் பெடாக் பூசிக்கொள்ளாமல் மணமேடை ஏறிய பெண்கள் குறைவு.

ஊருக்கெல்லாம் அவள் லாத்தா, அதாவது அக்கா. ஆனால் வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் போகமாட்டாள். வெற்றிலைத் தட்டு வரவேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிராம்பு எல்லாம் வைத்துப் பட்டுத்துணியால் மூடி, கல்யாண வீட்டு மூத்தவள் ஒருத்தி தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அதுதான் மரியாதை. நூர்ஜானுக்கு அந்தத் தட்டுதான் சோறு, அந்தத் தட்டுதான் சொந்தபந்தம். தொப்பி தைக்கும் கடை ஒன்றின் பின்கட்டில் ஓர் அறையும் ஒரு முற்றமுமாக அவள் தனியாகக் கிடந்தாள். தட்டு வராத வாரங்களில் அவள் குரலை அவளே கேட்டதில்லை.

இப்படித் தட்டை நம்பி வாழ்கிறவளுக்கு ஒரு ஆபத்து இருந்தது. மாக் அண்டாமின் முகக்களைதான் மணப்பெண்ணுக்கு இறங்கும் என்று ஊர்க் கிழவிகள் சொல்லிவைத்திருந்தார்கள். முகத்தில் கறையுள்ளவள் கைவைத்தால் பெண்ணுக்கும் கறை. எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்பாரில்லை, கேட்டாலும் சொல்வாரில்லை. நூர்ஜானுக்கோ இரண்டு கன்னத்திலும் மங்கு.

அது வந்தது அவள் மாசமாக இருந்தபோது. புருஷன் அப்துல் ரசாக் துறைமுகத்தில் தோணிகளுக்குத் தண்டல். நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், வீட்டில் அதிகம் பேசமாட்டான். ஆறாவது மாசத்தில் கன்னமேட்டில் காப்பிக்கறைபோல ஒரு நிறம் படர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான், பெற்றதும் போய்விடும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். பிள்ளை போயிற்று. மங்கு போகவில்லை.

அப்துல் ரசாக் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டான். பிறகு வேலை விஷயமாக அலோர் ஸ்டாருக்குப் போனான், போனவனுக்கு அங்கேயே ஒரு குடும்பமும் அமைந்துவிட்டது. மங்குக்காகத்தான் போனான் என்று அவன் சொன்னதில்லை. போகிற ஆண்கள் எதைத்தான் காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? ஆனால் நூர்ஜான் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். தன் கன்னத்தைத் தானே வெறுக்க ஆரம்பித்தாள்.

வெறுத்தவள் சும்மா இருப்பாளா? ஒரு கல்யாண வீட்டுக் குளியலில் மிஞ்சிய எலுமிச்சை மூடிகளைக் கொண்டுவந்தாள். பாத்திரக்கறை போகிறது, துணிக்கறை போகிறது, முகக்கறை மட்டும் போகாதா என்று கன்னம் இரண்டிலும் அழுத்தித் தேய்த்தாள். முகத்தைக் கழுவாமலே முற்றத்தில் உட்கார்ந்து, உச்சி வெயிலில் பெடாக் பொட்டு வைத்துக் காயப்போட்டாள். வெயில் நன்றாக அடித்தால்தான் மாவு வெளுக்கும். அன்று மாவு நன்றாக வெளுத்தது. சாயங்காலத்துக்குள் அவள் முகம் தணலாய் எரிந்தது, கொப்புளம் கண்டது. ஆறியபிறகு பார்த்தால், மங்கு இருந்த இடத்தில் மங்கு இருக்க, சாறு வழிந்த தடமெல்லாம் தாடைவரை கறுப்புக் கோடுகள். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் தோலை வேகவைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொழிலுக்கு வேண்டிய இரண்டு சாமான்களே சேர்ந்துகொண்டு அவளைக் கெடுத்தன.

பட்ட காலிலே படும் என்பார்களே, அடுத்தது களிம்பு. சூலியா தெருக் கடையொன்றில் கண்ணாடி ஜாடியில் விற்றார்கள். ஜாடிமேல் பூனைக்கண் வெள்ளைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பூசத் தொடங்கிய புதிதில் முகம் வெளுத்ததுபோல இருந்தது. நூர்ஜான் சந்தோஷத்தில் கண்ணாடி முன்னாலேயே பழியாய்க் கிடந்தாள். பிறகு தோல் உரிந்தது. உரிந்த இடம் சிவந்து, சிவந்த இடம் கறுத்து, கடைசியில் சாம்பலும் கரியும் கலந்த ஒரு நிறத்தில் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவள் பயந்துபோய் டாக்டர் விநாசித்தம்பியிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர், பினாங்கு ரோட்டுப் பக்கம் தனியாக வைத்தியம் பார்த்தவர். முகத்தைக் கழுவிவிட்டு வரச்சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, பூதக்கண்ணாடியை நீட்டித் தொடாமலே பார்த்தார். ஜாடியைத் திறந்து முகர்ந்தார்.

"இதுக்குள்ள பாதரசம் கிடக்கு. வெள்ளைக்காரியின்ட முகத்துப் புள்ளிக்குச் செய்த சாமான். அவையின்ட தோல் எரிஞ்சால் சிவக்கும். உங்கட தோலும் என்ட தோலும் எரிஞ்சால் கறுக்கும். இதை எறியுங்கோ. வெயிலுக்குள்ள போகாதையுங்கோ, முகத்தைத் தேய்க்காதையுங்கோ. மெல்ல மெல்லத்தான் போகும், முழுக்கப் போகுமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார்.

நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். நூர்ஜானும் ஜாடியை எறிந்தாள். ஆனால் வெயிலுக்குப் போகாமல் பெடாக் எப்படிக் காயும்? குடை பிடித்துக்கொண்டு மாவு காயவைக்க முடியுமா? முற்றத்தில் காகம் அதிகம், பக்கத்திலிருந்து கண்கொத்திப் பாம்பாய்க் காவல் இருந்தாக வேண்டும். கறையை மறைக்கத் தன் முகத்திலும் கனமாக அப்பிக்கொள்ளவேண்டும், அப்பியதைப் போக்க ராத்திரி துணியால் அழுத்தித் துடைக்கவேண்டும். டாக்டர் வேண்டாம் என்றதெல்லாம் அவள் பிழைப்புக்கு வேண்டியிருந்தது. அதனால் மங்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்றுமட்டும் நடந்தது. டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. பிறர் முகத்தை அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினாள். சீன வீட்டுப் பெண்ணுக்குப் பரு உடைந்தால் கொஞ்சநாள் சிவந்து கிடந்து தெளிந்துவிடும். மலாய்ப் பெண்ணுக்குத் தேன்நிறத்தில் ஒரு தடம் நிற்கும். நம் பெண்களுக்கோ கொசுக்கடியைச் சொறிந்தால்கூட மாதக்கணக்கில் கறுப்பு. எவ்வளவு கறுத்த தோலோ அவ்வளவு ரோஷம் அதற்கு. பட்ட அடியை எளிதில் மறக்காது. அதனால் எந்தப் பெண்ணிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "முகத்தத் தேய்க்காத புள்ள, ஒத்தி எடு" என்பாள். ஊருக்கு உபதேசம். தன் முகத்தை மட்டும் தினமும் தேய்த்தாள்.

அந்தப் பெண்களின் கன்னத்தை அவள் தொடும் விதமே தனி. இரண்டு விரலால், பிறந்த குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுவாள். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போவார்கள். அவள் கன்னத்தை யாராவது தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. சிலசமயம் பூசி முடித்த பிறகும் பெண்ணின் கன்னத்திலிருந்து கையை எடுக்க மனமில்லாமல், எங்கோ மாவு திரண்டிருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாவம், அந்தச் சாக்கு அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

இப்படியிருக்கும்போது டிரான்ஸ்பர் ரோட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. மசாலா வியாபாரி முகம்மது சுல்தான் வீடு, பெரிய இடம். பெண்ணின் பெயர் சித்தி ஆயிஷா, நல்ல மாநிறத்துக்கும் ஒரு பிடி கறுப்பு. முகத்தில் பருவந்த தடங்கள் மிளகு தூவியதுபோலக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் சிவப்பு. அது போதாதா ஒரு தாய்க்கு? ஆயிஷாவின் உம்மா சலேஹாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நூர்ஜான் போய்ப் பெண்ணின் முந்தானையை விலக்கியதுமே திடுக்கிட்டாள். கன்னம் சிவந்து, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. என்ன பூசினாய் என்று கேட்டாள். பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே அந்தக் கண்ணாடி ஜாடி இருந்தது. பூனைக்கண்காரி அதே சிரிப்போடு இருந்தாள்.

இதை உடனே நிறுத்துங்கள், கல்யாணத்துக்குள் உரிந்து கறுத்துவிடும் என்று நூர்ஜான் சலேஹாவிடம் பதமாகத்தான் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். சலேஹா கேட்கிற நிலையில் இல்லை. நேற்றைவிட இன்றைக்கு மகள் வெளுத்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசினால் கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. நீங்கள் வந்த வேலையைப் பாருங்கள் என்பதை மரியாதையாக வேறு வார்த்தையில் சொன்னாள்.

நூர்ஜான் விடவில்லை. அப்போதுதான் சலேஹா சலித்துப்போய் அதைச் சொன்னாள்.

"ஒங்களுக்கென்ன லாத்தா, ஒங்க மொகம் பளிங்காட்டம் இருக்கு. கறுப்புப் புள்ளயப் பெத்தவ வயிறு எரியிறது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

 அந்த நேரத்தில் நூர்ஜான் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்வதென்றால், முதலில் அவள் நினைத்தது தட்டைப் பற்றித்தான். பேசாமல் பெடாக் பூசிவிட்டுப் போனால் அடுத்த வாரம் இன்னொரு தட்டு வரும், அதற்கடுத்து இன்னொன்று வரும். பெண்ணின் கன்னத்தைப் பார்த்தாள். அந்தச் செதில் இன்னும் சில நாளில் என்ன நிறமாகும் என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமாகிப் போகிற வீட்டில் ஒருவன் சாப்பிடும்போது இவள் முகத்தைப் பார்க்காமலிருக்கப் போகிறான் என்றும் தெரியும்.

குளிப்பாட்ட வைத்திருந்த செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்து ஓரமாகப் போனாள். குனிந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். மாவு பாலாய் வழிந்து அவள் சட்டையையும் நனைத்தது. தலையை நிமிர்த்தி வெளிச்சத்தில் நின்றாள்.

"பாத்துக்க சலேஹா. இதே ஜாடிதான் லா. ஒம் மவளுக்கு இது வேணுமா?"

சலேஹா பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆயிஷா எழுந்துபோய் ஜாடியை எடுத்தாள், பின்பக்கச் சாக்கடையில் கொட்டினாள். அதற்கு உம்மாவின் உத்தரவை அவள் எதிர்பார்க்கவில்லை. ஜாடி விஷயம் அத்தோடு முடிந்தது.

நூர்ஜான் விஷயமும் அத்தோடு முடிந்தது. சலேஹா நன்றிகெட்டவள் அல்ல. நூர்ஜானை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள், கண்கலங்கினாள். ஆனால் பெண்ணின் பக்கத்தில் அவளை மறுபடி உட்காரவைக்கவில்லை. இன்றைக்குப் பெண்ணுக்கு மேலுக்குச் சரியில்லை, அண்டாம் சடங்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றாள். கல்யாணத்துக்கு முன்தினம் ரிக்ஷாவில் நூர்ஜானுக்குச் சேரவேண்டியவையெல்லாம் வந்து இறங்கின. மஞ்சள் சோறு, சீலை, வெற்றிலை, ஒன்றும் குறைவில்லை. ஆனால் சிங்காரித்தது வேறொருத்தி. தாய் மனசு, அதைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நூர்ஜான் அந்த மஞ்சள் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றாள். 

அதற்குப் பிறகு தட்டு வரவில்லை. சலேஹா வெளியில் சொல்லவில்லை. வேலைக்காரி சொன்னாளோ, சாக்கடை சொன்னதோ, அச்சின் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. எதிரில் பார்த்தால் பெண்கள் ஸலாம் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே பிள்ளைகளின் முகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நூர்ஜான் தொப்பிக் கடைக்காரருக்குத் துணி தைத்துக்கொடுத்து வயிற்றைக் கழுவினாள். அறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை. பெடாக் பானை முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. காய வைக்க மாவில்லாததால் வெயிலில் அவளுக்கு வேலையில்லை. பார்க்க ஆளில்லாததால் முகத்தில் அப்பவும் இல்லை, அப்பாததால் தேய்க்கவும் இல்லை. பசாருக்குப் போனால் மட்டும் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தாள்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று விவரிக்க ஒன்றுமில்லை. டிராம் மணி கேட்கும், பாங்கு சொல்லும் சத்தம் கேட்கும், எங்கோ கல்யாண ரபானா மேளம் கேட்கும். ரபானா கேட்டால் கையிலுள்ள ஊசியை வைத்துவிட்டு, பெண் யாராக இருக்கும், நெற்றியோரம் சரியாக ஒதுக்கியிருப்பார்களா என்று யோசிப்பாள். ஒருதரம் தன் கன்னத்தைத் தானே இரண்டு விரலால் தொட்டுப்பார்த்தாள். தன் கை தனக்கு என்ன தெரியப்போகிறது? கையை எடுத்துவிட்டாள்.

கண்ணாடியை அவள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். அடுத்த நோன்புப் பெருநாளைக்குச் சுவர் வெள்ளையடிக்க அதை எடுத்தபோதுதான் பார்த்தாள். முதலில் வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தாடைக் கோடுகள் இல்லை. சாம்பல் நிறம் கரைந்து, கன்னமேட்டில் ஆறிய தேநீர்க் கறைபோல லேசான நிழல்மட்டும் இருந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் தரித்திரம் நிறுத்திவைத்திருந்தது. தொழில் போனதால் மங்கு போயிருக்கிறது என்று புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதாள். தெளிந்த முகத்தைக் காட்ட ஒரு ஜீவன் இல்லாத வீட்டில் வேறென்ன செய்வாள்?

பெருநாள் கழிந்து ஒரு முன்மதியத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தொப்பிக் கடை ஆள் என்று நினைத்துத் திறந்தாள். தடித்த பெண்பிள்ளை ஒருத்தி வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தாள். அவள் கையில் பட்டுத்துணி மூடிய தட்டு இருந்தது. முகத்தைப் பார்த்ததும் நூர்ஜானுக்குத் தெரிந்துவிட்டது, மைமூன் பீவி. எத்தனையோ கல்யாண வீட்டில் சமையல்கட்டை ஆண்டவள், நூர்ஜானிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசியவள். வலது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்புகூட அப்படியே இருந்தது.

"நூர்ஜான் லாத்தா இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள் மைமூன்.

 நூர்ஜான் உள்ளே வரும்படி கையைக் காட்டினாள். வந்தவள் பாயில் உட்கார்ந்து, தட்டை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, லாத்தா வருகிறவரை இருக்கிறேன் என்றாள். நூர்ஜான் காப்பி கலந்து கொடுத்தாள். அந்த அறையில் இரண்டு கோப்பை எடுத்து எத்தனையோ நாளாகியிருந்தது. சொல்லியிருக்கலாம், உடனே சொல்லியிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து ஒருத்தி பேசிக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது, கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பேசாமலிருந்தாள்.

மைமூன் பேசினாள். ஆயிஷாவின் புருஷன் வழியில் தான் அவளுக்கு மாமியார் முறை என்றாள். ஆயிஷாவின் நாத்தனாருக்குக் கல்யாணமாம். வீட்டுப் பெரியவர்கள் வேறொருத்தியைச் சொன்னார்களாம், மருமகள் பிடித்த பிடியில் நின்றுவிட்டாளாம். அந்த லாத்தா மானத்தைக் கழுவிக் காட்டியதால்தான் தன் முகம் பிழைத்தது, லாத்தாவின் கை படாத கல்யாணத்துக்குத் தான் வரமாட்டேன் என்றாளாம். முகக்கறை ஒட்டும் என்று முணுமுணுத்தவர்களிடம், "எனக்கு ஒட்டுச்சா, பாருங்க" என்று கன்னத்தைக் காட்டினாளாம்.

நூர்ஜான் கோப்பையைக் கீழே வைத்தாள். "நாந்தான் மைமூன், நூர்ஜான்" என்றாள்.

மைமூன் ஏற இறங்கப் பார்த்தாள். குரல் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவள் அறிந்த நூர்ஜானுக்கு வெள்ளை மாவு முகம். ஊரார் சொன்ன நூர்ஜானுக்குக் கரி முகம். எதிரில் இருந்ததோ கன்னத்தில் லேசான நிழலோடு சாதாரண மாநிற முகம். இதுவும் ஏதோ புதுப் பூச்சாக இருக்கவேண்டும் என்று அவளுக்குச் சந்தேகம். தட்டைப் பாயில் வைத்துவிட்டு நகர்ந்து வந்தாள். நூர்ஜானின் தாடையை ஒரு கையால் பிடித்து நிமிர்த்தி, மறுகைக் கட்டைவிரலால் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. நம்பாமல் மறுபடி தேய்த்தாள்.

முகத்தைத் தேய்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நூர்ஜான் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கன்னத்தையும் காட்டினாள்.